லூயிஸ்வில் ஏரியில் பாஸ் மீன் பிடிக்க 14 அடி அலுமினியப் படகு வாங்கலாமா? தூண்டில், சமையல் கேள்வியும் உண்டு

கரையோரக்கொக்கு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டெக்சஸ், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ பக்கம். இதுவரை கரையில் நின்று தூண்டில் போட்டதுதான். இனி லார்ஜ்மவுத் பாஸை (பெரிய வாய்கொண்ட நன்னீர் மீன்) ஒழுங்காகக் குறிவைத்துப் பிடிக்க வேண்டும். மூன்று விஷயத்தில் முடிவெடுக்க முடியவில்லை.

முதலில் படகு. 14 அடி ஜான் போட், தட்டை அடி, ரிவெட் அடித்த அலுமினியம், 2009 மாடல். பின்னால் 9.9 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார். ட்ரெய்லரோடு சேர்த்து 3,200 டாலர் கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன் எதைத் தட்டிப் பார்க்க வேண்டும்? போவது இரண்டு பெரியவர்கள், ஒன்பது வயதுப் பையன் ஒருவன்.

அடுத்து ராட் (தூண்டில் கோல்). கைவசம் இருப்பது ஒரு சாதாரண ஸ்பின்னிங் செட். பாஸுக்கு பெய்ட்காஸ்டர் (வீசும்போது லைன் சுற்றிய ஸ்பூலும் சேர்ந்து சுழலும் ரீல்) இல்லாமல் ஆகாது என்று கடையில் அடித்துச் சொல்கிறார்கள். நிஜமா?

மூன்றாவதுதான் வீட்டில் பெரிய பிரச்சனை. "ஏரி மீன் மண் வாடை அடிக்கும், குழம்பு கெட்டுப்போகும்" என்று ஒரே பிடிவாதம். பாஸ் என்றால் நம்ம கொடுவா மாதிரி இருக்குமா? குழம்புக்கு ஆகுமா?

தங்கூசி எழுதியது:

ராட் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பெய்ட்காஸ்டர் இப்போது வேண்டாம். அது கனமான லூரை (போலி இரையை) மரக்கட்டைக்குள் போட்டு இழுக்க நல்ல கருவிதான். ஆனால் கால் அவுன்ஸுக்குக் கீழே உள்ள எடையை வீசும்போது ஸ்பூல் லூரை விட வேகமாகச் சுற்றி லைன் கூடு கட்டிவிடும். புதிதாகப் பிடிப்பவர் பாதி நேரம் அந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். ஸ்பின்னிங்கிலேயே ஒரு வருஷம் ஓட்டலாம்.

7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராட். ரீல் 2500 அளவு. லைன் 10 பவுண்டு பிரெய்ட் (பின்னிய நூல்), முனையில் 6 முதல் 8 அடிக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர், இரண்டையும் டபுள் யூனி முடிச்சில் இணையுங்கள். பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரடியாகச் சுற்றாதீர்கள். முதலில் பத்துப் பதினைந்து சுற்று நைலான் தங்கூசி, அதன்மேல் பிரெய்ட். இல்லாவிட்டால் பெரிய மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் ஸ்பூலோடு வழுக்கும், நீங்கள் டிராக் (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிடி) கெட்டுப்போச்சு என்று ரீலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஸ்பூல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பினால் போதும். அதற்கு மேல் போனால் வீசும்போது கொத்தாகக் கழன்று வரும். வீசி முடித்ததும் பெயிலை (ரீலின் கம்பி வளைவை) கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடாதீர்கள். பிரெய்டில் விழும் காற்று முடிச்சுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்தால் நிற்கும்.

டிராக் எவ்வளவு இறுக்குவது என்றால், லீடர் தாங்கும் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல். 8 பவுண்டு லீடருக்கு 2 முதல் இரண்டரை பவுண்டு. பெட்டி எடை போடும் கொக்கித் தராசு ஒன்று வாங்கி, லைனில் மாட்டி இழுத்துப் பாருங்கள். கை நிதானத்தில் வைத்தால் பெரும்பாலும் அதிக இறுக்கமாகத்தான் அமையும்.

தூண்டில் இரை என்று நிறைய வாங்காதீர்கள். கடைச் சுவரில் தொங்குவதில் முக்கால்வாசி மனுஷனைப் பிடிக்கத்தான். இரண்டே போதும்.

ஒன்று 5 இன்ச் ஸ்டிக் வார்ம் (ரப்பர் புழு), சென்கோ என்று பிரபலம். நடுவில் ரப்பர் வளையம் மாட்டி, வளையத்துக்குள் 1/0 ஹூக். எடையே வேண்டாம். வீசி, தானாக மூழ்க விடுங்கள். இரண்டு முனையும் துடித்துக்கொண்டே இறங்கும், அந்த இறக்கத்தில்தான் பாஸ் வாய் வைக்கும். இதில் எல்லாரும் செய்யும் தப்பு, கை சும்மா இருக்காமல் ஆட்டிக்கொண்டே இருப்பது. லைனைப் பாருங்கள். கடி என்று ராடில் பெரிதாக ஒன்றும் தெரியாது. லைன் பக்கவாட்டில் நகரும், இல்லை இறங்க வேண்டிய ஆழத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். அவ்வளவுதான்.

மற்றொன்று டெக்சஸ் ரிக். 3/0 அகல வாய் ஆஃப்செட் ஹூக், 3/16 அவுன்ஸ் புல்லட் ஈயம், 7 இன்ச் ரிப்பன் வால் வார்ம். ஹூக் முனையை வார்மின் தலைக்குள் கால் இன்ச் ஏற்றி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, ஹூக்கின் கண்வரை இழுத்து, திருப்புங்கள். இப்போது ஹூக்கைத் தொங்கவிட்டால் வளைவு வார்மின் உடம்பில் எங்கே தொடுகிறதோ அங்கே விரல் நகத்தால் குறி வையுங்கள். அந்த இடத்தில் நேராகக் குத்தி மறுபக்கம் எடுத்து, முனையை மட்டும் தோலுக்கு அடியில் லேசாக மறையுங்கள். வார்ம் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகத் தொங்க வேண்டும். குறி தப்பிக் குத்தினால் நடுவில் கூனல் விழும். கூனல் விழுந்த வார்ம் இழுக்கும்போது பம்பரமாகச் சுற்றும், பத்து வீச்சில் லைன் முறுக்கேறிவிடும், மீனும் திரும்பிப் பார்க்காது.

நிறம்: தண்ணி தெளிந்திருந்தால் கிரீன் பம்ப்கின். மழைக்குப் பிறகு கலங்கலாக இருந்தால் கறுப்பும் நீலமும். அதற்கு மேல் நிறத்தைப் பற்றி யோசிப்பது நேர விரயம்.

முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனையுங்கள். ஃப்ளூரோகார்பன் காய்ந்த நிலையில் இறுகினால் உராய்வுச் சூட்டில் பலவீனமாகிவிடும். மீன் அறுத்துக்கொண்டு போன பிறகு முனை சுருண்டு பன்றி வால் மாதிரி இருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று அர்த்தம்.

பையனுக்கு 6 அடி லைட் ராட், 6 பவுண்டு தங்கூசி, சின்ன ஹூக்கில் அரை மண்புழு, ஒரு மிதவை. புளூகில் என்ற சின்ன மீன் விடாமல் கடிக்கும், பையனுக்கு அலுப்புத் தட்டாது. ஹூக்கின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி விடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கடைசியாக லைசன்ஸ். டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் ரெசிடென்ட் கட்டணம்தான், நன்னீருக்கு 30 டாலர். ஆகஸ்ட் 31 அன்று முடியும், அதனால் ஜூலையில் வாங்குவது வீண். 17 வயதுக்குக் கீழே லைசன்ஸ் வேண்டாம். மாநிலப் பூங்காவுக்குள் கரையில் இருந்து பிடித்தால் யாருக்குமே வேண்டாம். பழகிக்கொள்ள நல்ல இடம்.

அச்சாணி எழுதியது:

தம்பி, படகுக்கு வர்றேன். பழைய படகு வாங்கும்போது எல்லாரும் படகைப் பார்ப்பாங்க. கவுத்துறது பெரும்பாலும் ட்ரெய்லரும் பேப்பரும்தான்.

பேப்பர் முதல்ல. டெக்சஸ்ல படகுக்கு ஒரு டைட்டில் (உரிமைப் பத்திரம்), பின்னால மாட்டுற மோட்டாருக்குத் தனி டைட்டில். ரெண்டும் விக்கிறவர் பேர்ல இருக்கணும். "மோட்டார் பேப்பர் எங்கேயோ இருக்கு, அப்புறம் அனுப்புறேன்"னு சொன்னா அப்புறமே வாங்கிக்கோங்க. படகோட பின்பக்கம் வலது மேல் மூலைல 12 எழுத்து ஹல் நம்பர் பொறிச்சிருக்கும், மோட்டார் கிளாம்ப் பக்கத்துல சீரியல் நம்பர் இருக்கும். ரெண்டையும் டைட்டிலோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. பதிவு மாத்த படகுக்கு 143ஆம் நம்பர் படிவம், மோட்டாருக்கு 144. 16 அடிக்குக் கீழே பதிவுக் கட்டணம் 2 வருஷத்துக்கு 32 டாலர், டைட்டில் தனி, விலைக்கு 6.25 சதவீதம் வரி. பேட்டரி மோட்டார் மட்டும் மாட்டினாலும் பதிவு வேணும், இது நிறைய பேருக்குத் தெரியாது.

ஏத்துற பாரம். உள்பக்கம் ஒரு தகடு ஒட்டியிருக்கும். எத்தனை பேருன்னு போட்டிருக்கிறதை விடுங்க, பவுண்டு கணக்கைப் பாருங்க. உங்க கணக்கு: ரெண்டு பெரியவங்க 340, பையன் 60, மோட்டார் 95 பக்கம், 6 காலன் டாங்க் பெட்ரோலோட 45, பேட்டரி 60, ஐஸ் பெட்டி சாமான் 50. மொத்தம் 650. 14 அடின்னாலும் அடி அகலம் 36 இன்ச் இருக்கிறதும் 48 இன்ச் இருக்கிறதும் வேற வேற படகு. 36 இன்ச்சுன்னா மூணு பேருக்கு நெருக்கம், ஒருத்தர் எழுந்து நின்னா சாயும். அளந்து பார்த்துட்டுப் பேசுங்க.

இனி படகு. ரிவெட் ஒழுகுதான்னு பார்க்க, ட்ரெய்லர்ல வெச்சே உள்ள தண்ணி விட்டு அடியில எங்க சொட்டுதுன்னு பார்க்கலாம். ஆனா ரெண்டு இன்ச்சுக்கு மேல விடாதீங்க. 14 அடிக்கு 3 அடி தரைல ரெண்டு இன்ச் தண்ணின்னாலே 50 காலனுக்கு மேல, 430 பவுண்டு. இன்னும் கொஞ்சம் ஊத்தினா ட்ரெய்லர் அச்சும் படகு அடியும் சேர்ந்து வளையும். சொட்டுற ரிவெட்டை மார்க்கரால வட்டம் போடுங்க. நாலஞ்சு சொட்டினா பரவாயில்லை, ஒரு பக்கம் கனமான இரும்பு பிடிச்சு மறுபக்கம் சுத்தியலால தட்டி இறுக்கிடலாம், ரெண்டு பேர் வேணும். ஒரு வரிசை முழுக்கச் சொட்டினா அந்தப் படகு கல்லு மேல நிறைய அடி வாங்கியிருக்கு, விட்டுடுங்க. ஏற்கெனவே யாராவது உள்ளே சிலிகான் பூசி வெச்சிருந்தா அதுவும் கெட்ட சகுனம். ஈர அலுமினியத்துல சிலிகான் நிக்காது, மேல வேற எதையும் ஒட்டவும் விடாது.

பின்பலகை. அலுமினியத் தகட்டுக்கு நடுவுல பிளைவுட் இருக்கும். மோட்டாரோட அடிப்பாகத்தைப் பிடிச்சு மேலயும் கீழயும் பலமா ஆட்டுங்க. பலகை தனியா அசைஞ்சா, கிளாம்ப் திருகைச் சுத்தி அமுங்கிப் பள்ளம் விழுந்திருந்தா, உள்ளே மரம் மக்கிடுச்சு. பிளைவுட் விலை கம்மிதான், பிரிச்சு மாட்ட ரெண்டு வார இறுதி போயிடும்.

மோட்டார். நீங்க போறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. சூடான மோட்டார் எல்லாம் நல்லாத்தான் ஓடும். கையை வெச்சுப் பார்த்து ஜில்லுன்னு இருந்தாத்தான் கயித்தை இழுக்கச் சொல்லணும். தோட்டத்துக் குழாயை மாட்டி ஓடுறப்ப பின்னால சின்ன ஓட்டை வழியா தண்ணி நூல் பிடிச்ச மாதிரி பீச்சணும். பீச்சல் விட்டு விட்டு வந்தா இம்பெல்லர் (தண்ணி இறைக்கிற சக்கரம்) தேய்ஞ்சிருக்கு. அது எப்படியும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துற ரப்பர், பயப்பட வேண்டாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாருங்க. ரெண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா வேண்டாம். கியர் ஆயில் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி நாலு சொட்டு விரல்ல பிடிச்சுப் பாருங்க.

பழைய மோட்டார்ல பிரச்சனை நிறைய கார்புரேட்டர்லதான் வரும். பங்க்ல வர்ற பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுத்துக்கிட்டு அடியில பிரிஞ்சு நிக்கும், மிச்சம் பிசின் மாதிரி ஜெட்டுல (பெட்ரோல் போற நுண் ஓட்டை) காஞ்சுடும். எத்தனால் கலக்காததா போடுங்க, மாசக்கணக்கா நிக்கப்போகுதுன்னா ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாம வெக்கிற மருந்து) கலந்து பத்து நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்துங்க.

ட்ரெய்லர். டயர்ல தேய்மானம் பார்க்காதீங்க, வயசைப் பாருங்க. பக்கத்துல பொறிச்ச எண்ல கடைசி நாலு இலக்கம்: 2317ன்னா 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம். ஆறு வருஷம் தாண்டினா பட்டன் முழுசா இருந்தாலும் மாத்தணும், வெயில்ல நின்னே செத்திருக்கும். சக்கரத்தை ஜாக்கில தூக்கிச் சுத்துங்க. கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் போச்சு. பத்து மைல் இழுத்துட்டு ஹப்பை (சக்கரத்தோட நடுப்பாகம்) தொட்டா வெதுவெதுப்பாத்தான் இருக்கணும். விரல் வைக்க முடியலைன்னா அங்கேயே நிறுத்துங்க. சூடான ஹப்பை ஏரித் தண்ணியில இறக்கினா உள்ளே காத்து சுருங்கி சீல் வழியா தண்ணியை உறிஞ்சிக்கும், பேரிங் துரு பிடிக்கிறது இப்படித்தான். ரேம்ப்ல (படகு இறக்குற சரிவு) போய் கொஞ்ச நேரம் ஆறவிட்டு இறக்குங்க. விளக்கு ஒயர் பிளக்கைக் கழட்டிட்டு இறக்குங்க. வடிகால் மூடியைப் போட்டாச்சான்னு ரெண்டு தடவை பாருங்க. ரேம்ப்ல சிரிப்பாங்க, இருந்தாலும் பாருங்க.

இதைவிட முக்கியமா ஏரியைப் பத்தி. லூயிஸ்வில் 29,000 ஏக்கருக்கு மேல, திறந்த வெளி. தெற்குக் காத்து 15 மைலைத் தாண்டினா நடு ஏரியில அலை அடிச்சு, தாழ்ந்த விளிம்பு இருக்கிற ஜான் போட்டுக்குள்ள தண்ணி தெறிக்கும். பையனை வெச்சுக்கிட்டு அன்னைக்கு நடுவுல போகாதீங்க, காத்து மறைவான ஓடைக்குள்ளயே இருங்க. 13 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைங்க படகு போறப்ப லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும். பெரியவங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு படகுல இருக்கணும். மோட்டாரை நிறுத்துற கயிறு கையில மாட்டியிருக்கணும், 2021 ஏப்ரல்ல இருந்து மத்திய அரசு சட்டமே அதுதான். கிளம்புறப்ப லைவ்வெல் (மீனை உயிரோட வெக்கிற தொட்டி), அடித்தண்ணி எல்லாம் வடிச்சிட்டுத்தான் ரோட்டுக்கு ஏறணும். படகுத் தண்ணியோட ஏரிக்கு ஏரி பரவுற ஸீப்ரா சிப்பி 2009ல டெக்சோமா ஏரியில வந்து, தெற்கே இருக்கிற ரே ராபர்ட்ஸ், லூயிஸ்வில் வரைக்கும் பரவிடுச்சு.

இன்னொண்ணு, குடியிருப்புச் சங்க விதியைப் படிச்சீங்களா? ஃபிரிஸ்கோ பக்கம் நிறைய இடத்துல வாசல்ல படகு நிறுத்த விடமாட்டாங்க. வெளிய இடம் வாடகைக்கு எடுத்தா ரெண்டு மூணு வருஷ வாடகை படகு விலையைத் தொட்டுடும்.

கரையோரக்கொக்கு:

அண்ணா, கோடி நன்றி. போய்ப் பார்த்தாச்சு. அடி அகலம் 48 இன்ச். தகட்டுக் கணக்குக்குள் வருகிறது. இரண்டு டைட்டிலும் இருக்கின்றன. மூன்று ரிவெட் சொட்டுகிறது. பின்பலகை அசையவில்லை. தண்ணி நன்றாகப் பீச்சுகிறது, கம்ப்ரஷன் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கியர் ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தது. டயர் எண் 0814. விட்டுவிடலாமா?

அச்சாணி:

விட வேண்டாம், பேரம் பேசுங்க. பால் டீ நிறம்னா கியருக்குள்ள தண்ணி போயிருக்கு. காரணம் பெரும்பாலும் புரொப்பெல்லர் தண்டு சீல். பழைய தூண்டில் நரம்பு தண்டுல சுத்தி உருகி சீலை அறுத்திருக்கும். புரொப்பெல்லரைக் கழட்டினா நரம்பு கண்ணுக்கே தெரியும். இல்லைன்னா வடிகால் திருகோட வாஷர் பழசா இருக்கலாம், அது சில்லறைக் காசு. ஆயிலோட இரும்புத் தூள் மினுங்குதான்னு மட்டும் காந்தம் வெச்சுப் பாருங்க. மாவு மாதிரி நைஸா ஒட்டினா சகஜம். துணுக்கா ஒட்டினா கியர் பல்லு போயிருக்கு, அப்ப கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

0814 டயர் 2014. ரெண்டும் மாத்தணும், பேரிங்கும் சேர்த்து. சீல், பிரஷர் டெஸ்ட், இம்பெல்லர், டயர், பேரிங்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கடை விலை போட்டுக் காட்டுங்க. வாயால கேட்டா குறைக்க மாட்டாங்க, சீட்டைப் பார்த்தா குறைப்பாங்க. 2,600 வரைக்கும் நியாயம்.

மண்சட்டி எழுதியது:

சமையல் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். லார்ஜ்மவுத் பாஸுக்கும் கொடுவாவுக்கும் சொந்தமில்லை. இது புளூகில் குடும்பத்து மீன். கொடுவாவின் நெய்ப்பதம் இதில் கிடையாது. வெள்ளைச் சதை, கெட்டியாக, ருசி அடக்கமாக இருக்கும். சாப்பிடும்போது விரால் ஞாபகம்தான் வரும். அதனால் விரால் எதற்கெல்லாம் ஆகுமோ அதற்கெல்லாம் இதுவும் ஆகும்.

மண் வாடை வீட்டில் சொல்வது போல உண்மைதான், ஆனால் சரி செய்யலாம். ஏரியில் உள்ள நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிரியும் ஜியோஸ்மின் என்று ஒரு பொருளை விடும். மழை பெய்ததும் மண்ணில் வரும் வாசனையும் அதேதான். மீன் உடம்பில் அது கொழுப்பில் தங்கும்: தோல், வயிற்று மடிப்பு, பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதைக் கோடு. கோடைக் கடைசியில் அதிகம், குளிர் மாதங்களில் குறைவு. புளிப்புப் பட்டால் ஜியோஸ்மின் வாசனையில்லாத வேறு பொருளாக மாறிவிடும். நம் ஊரில் புளியும் மோரும் ஊற்றிக் கழுவியது சும்மா இல்லை.

கெடுப்பது பெரும்பாலும் சமையலறையில் அல்ல, படகில். வெயிலில் கயிற்றில் கோத்து வெதுவெதுப்பான தண்ணியில் மணிக்கணக்கில் தொங்கவிட்டால் சதை குழைந்து கவிச்சி ஏறிவிடும். பிடித்தவுடன் செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, ஐஸும் தண்ணியும் கலந்த பெட்டியில் போடுங்கள், இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு தண்ணி. ஆனால் மீனைக் கரையில் இறக்கும்வரை தலையையும் வாலையும் வெட்டக் கூடாது. டெக்சஸில் அதுதான் சட்டம். லார்ஜ்மவுத் பாஸுக்குக் குறைந்தது 14 இன்ச், ஒரு நாளைக்கு 5. சில ஏரிகளுக்குத் தனி விதி இருக்கிறது. லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 இன்ச் வரை உள்ளதை எடுக்கவே கூடாது.

சமைக்க 14, 15 இன்ச் மீன்தான் வேண்டும். பெரியதை விட்டுவிடுங்கள். சதை நார் நாராக இருக்கும். மற்ற மீனைத் தின்று வளரும் மீன் என்பதால் வயதாக ஆக உடம்பில் பாதரசமும் சேரும். கேடோ ஏரி பாஸுக்கு இதற்காகவே மாநில சுகாதாரத் துறை எச்சரிக்கை போட்டிருக்கிறது. வீட்டில் கர்ப்பிணி, சின்னப் பிள்ளை இருந்தால் எந்த ஏரிக்கு எச்சரிக்கை இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

குழம்புக்கு இரண்டு 15 இன்ச் மீன். கரண்டியின் விளிம்பால் வாலில் இருந்து தலைப்பக்கம் செதில் எடுங்கள். செவுளையும் குடலையும் எடுத்து, முதுகெலும்பை ஒட்டி உள்ளே ஓடும் கறுப்பு ரத்தக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுங்கள். வாடையில் பாதி அங்கேதான் இருக்கும், குழாயைத் திறந்துவிட்டு எலும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்ட வேண்டும். வயிற்றின் உட்புறத் தோலையும் உரித்துவிடுங்கள். எலும்போடு முக்கால் இன்ச் துண்டு. கல் உப்பு, மஞ்சள் போட்டுப் பிசறி, புளித்த மோரில் 20 நிமிஷம், பிறகு மூன்று தண்ணி. சதையில் அரிசி அளவு மஞ்சள் முடிச்சு தெரிந்தால் பதற வேண்டாம். அது கொக்கு வழியாக ஏரிக்கு வரும் ஒரு புழு, நன்னீர் மீனில் சகஜம். கத்தி முனையால் எடுத்துவிடுங்கள். நன்றாக வெந்தால் ஒன்றும் செய்யாது. பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ மட்டும் சாப்பிடக் கூடாது.

ஒரு கிலோ துண்டுக்கு எலுமிச்சை அளவு புளி, இரண்டரை கப் தண்ணியில் கரைத்தது. டப்பாப் புளி விழுதாக இருந்தால் ஒரு மேஜைக்கரண்டி. அது கறுத்த நிறம் கொடுக்கும், சிலதில் உப்பும் இருக்கும், உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். நல்லெண்ணெய் 4 மேஜைக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 20, பூண்டு 12 பல், தக்காளி 2, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 2 மேஜைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை. வெந்தயம் சிவக்கும்போதே வெங்காயத்தைப் போட்டுவிட வேண்டும், கறுத்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். தூள் பச்சை வாடை போக வதங்கிய பிறகு புளிக்கரைசல். எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை 15 நிமிஷமாவது கொதிக்க வேண்டும். மீனைப் போட்ட பிறகு குழம்பைக் கெட்டியாக்க முடியாது, அதற்கு முன்பே பதம் வந்திருக்க வேண்டும். துண்டைப் போட்டு, அடுப்பைக் குறைத்து 7 நிமிஷம். கரண்டி போடாதீர்கள், சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஒரு சுழற்று. இறக்கி மூன்று மணி நேரம் கழித்துப் பரிமாறுங்கள். பாஸில் கொழுப்பு குறைவு, குழம்பு உள்ளே இறங்க நேரம் எடுக்கும்.

ஃபில்லட் (எலும்பில்லாத துண்டு) போட்டுவிட்டீர்கள் என்றால் குழம்பு வேண்டாம், உடைந்துவிடும். சுறாவுக்குப் பதிலாகப் புட்டு செய்யலாம். அரைக் கிலோவை மஞ்சள், உப்பு தடவி 8 நிமிஷம் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் துணியில் கட்டிப் பிழியுங்கள். பிழியாமல் போட்டால் உதிராது, களி மாதிரி ஆகும். பிறகு நிறைய சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஆறு பச்சை மிளகாய் வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு மூடாமல் மெல்லிய தீயில் 8 நிமிஷம். கடைசியில் மிளகுத்தூள். வறுவல் என்றால் வீட்டுக்குள் வேண்டாம், புகை அலாரம் தெருவையே கூட்டும். பின்கட்டில் கேஸ் அடுப்பு வைத்து இரும்புத் தோசைக்கல்லில் போடுங்கள்.

வெள்ளைக்கெண்டை எழுதியது:

மண்சட்டி அக்கா சொன்னதில் ஒன்றே ஒன்று மாறுபடுகிறேன். கோடை மீனாக இருந்தால் தோலோடு துண்டு போடக் கூடாது. மோரில் எவ்வளவு ஊறினாலும் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் வாடை நிற்கும். ஜூனில் இருந்து செப்டம்பர் வரை தோலை உரித்துவிடுங்கள். வறுவலுக்கு எலுமிச்சைச் சாறு மசாலாவில் ஊறுவது அரை மணி நேரத்துக்கு மேல் போனால் சதை மாவாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொக்கு, குழம்புதான் நோக்கம் என்றால் லார்ஜ்மவுத்தைத் துரத்த வேண்டியதே இல்லை. லூயிஸ்விலில் சாண்ட் பாஸ் என்று சொல்கிற வெள்ளை பாஸ் கூட்டம் கூட்டமாகத் திரியும். 10 இன்ச் இருந்தால் போதும், நாளைக்கு 25 எடுக்கலாம். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் முட்டையிட ஓடைகளுக்குள் ஏறும். கால் அவுன்ஸ் ஸ்பூன் ஒன்றைக் கரையில் இருந்து வீசினாலே கிடைக்கும், படகு வேண்டாம். சிவப்புக் கோடு இதில் லார்ஜ்மவுத்தை விட அகலம், அதை மட்டும் வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு லார்ஜ்மவுத் எடுத்துப் போவதைப் பார்த்துக் கரையில் யாராவது முறைத்தால் கண்டுகொள்ளாதீர்கள். அளவு, எண்ணிக்கை சரியாக இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். லேக் ஃபோர்க்கில் 16 இன்ச்சுக்குக் கீழே உள்ளதை மக்கள் எடுத்துச் செல்லட்டும் என்பதும் அந்த வரம்பின் ஒரு நோக்கம்.

கரையோரக்கொக்கு:

காந்தத்தில் மாவுதான் ஒட்டியது, துணுக்கு இல்லை. தண்டில் நரம்பு ஒரு கொத்து சுற்றியிருந்தது. துண்டுச் சீட்டு நீட்டியதில் 2,650க்கு முடிந்தது. குடியிருப்புச் சங்க விதியில் வாசலில் நிறுத்தக் கூடாது, கராஜுக்குள் வைக்கலாம். கராஜ் நீளம் 20 அடி. ட்ரெய்லர் நாக்கோடு (வண்டியோடு மாட்டும் முன்குழாய்) சேர்த்து எவ்வளவு வரும்?

அச்சாணி:

படகு 14, நாக்கு 3ல இருந்து 4, பின்னால மோட்டார் சாய்ச்சு வெச்சா இன்னும் ஒண்ணரை. மொத்தம் 18 அரைல இருந்து 19 அரை, கதவு மூடுறது சந்தேகம். மோட்டாரை நேரா இறக்கி வெச்சா தரையில தட்டாதான்னு பாருங்க. தட்டினா மடக்கு நாக்கு கீல் ஒண்ணு வாங்கி வெல்டிங் இல்லாம போல்ட்ல மாட்டிக்கலாம், ரெண்டு அடி மிச்சமாகும். வாங்குறதுக்கு முன்னாடி நாக்குக் குழாயோட அகலம், உயரம், தகடு கனம் மூணையும் அளந்துக்கோங்க, 2க்கு 3 இன்ச்சும் 3க்கு 3 இன்ச்சும் ஒண்ணுக்கொண்ணு சேராது.